இறைச்சிக்கா, சவாரிக்கா? பழைய மில்லிங் மெஷினின் நியாய விலையும் அதன் வரலாறும்



அன்பின் உறவுகளே, இது கொஞ்சம் நீண்ட பதிவு. ஊரில் லேத் பட்டறை வைத்திருப்பவர்களும், வைக்க நினைக்கும் தம்பிமாரும், வெளிநாட்டில் உழைத்த காசை ஒரு மெஷினில் போட யோசிப்பவர்களும் கடைசி வரை வாசித்தால் பிரயோசனமாக இருக்கும், இன்ஷா அல்லாஹ்.

சில மாதங்களுக்கு முன்னர் எமதூர்த் தம்பி ஒருவர் எம்மிடம் வந்தார். கட்டாரில் ஏழு வருடம் பட்டறையில் வேலை செய்தவர். "இனிப் போறல்ல சேர், ஊரிலேயே தொழில் செய்யப் போறன். பழைய மில்லிங் மெஷின் ஒண்டு பாத்திருக்கன். வெல நியாயமா எண்டுதான் தெரியல்ல" என்றார். பக்கத்தில் இருந்த பெரியவர் ஒருவர், "நெல்லுக் குத்துறதா மகன்?" என்று கேட்டார். எமது பக்கத்தில் மில் என்றால் நெல் மில்தானே.

இது அதுவல்ல. லேத்தில் இரும்பு சுழலும், வெட்டும் உளி சுழலாது. மில்லிங் மெஷினில் பல பற்கள் உள்ள வெட்டி சுழலும். இரும்பு மேசையில் இறுக்கப்பட்டு அதற்கு எதிரே நகரும். ஷாஃப்டில் சாவி இறங்கும் காடி வெட்டுவது, தட்டையான முகம் எடுப்பது, பற்சில்லுக்குப் பல் வெட்டுவது எல்லாம் இதன் வேலை. நெல் மில்லின் ஷாஃப்ட் போனாலும், லேண்ட்மாஸ்டரின் பற்சில்லு உடைந்தாலும் கடைசியில் வந்து நிற்க வேண்டியது இந்த மெஷினிடம்தான். எமதூரில் இது இல்லாததால் அறுவடைக் காலத்தில் ஒரு சின்னக் காடிக்காக ஷாஃப்டை பஸ்ஸில் ஏற்றி வெளியூர் அனுப்புகிறோம்.

நாம் பட்டறைக்காரர் அல்லர். எனவே ஓய்வு பெற்ற லேத் பாஸ் ஒருவரையும், தொழில்நுட்பக் கல்லூரியில் படிப்பிக்கும் நண்பர் ஒருவரையும் சேர்த்துக்கொண்டு தம்பியோடு போனோம். போவதற்கு முன்னர் இந்த மெஷினின் வரலாற்றைக் கொஞ்சம் படித்தோம். விலை பேசும்போது அந்த வரலாறுதான் எமக்குக் கைகொடுத்தது.

*பெயர்த்தகடும் உண்மையும்*

19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்கத் துப்பாக்கிப் பட்டறைகளில் ஒவ்வொரு பாகத்தையும் உளியாலும் அரத்தாலும் கையால் தேய்த்துத்தான் பொருத்தினார்கள். ஒரு துப்பாக்கியின் பாகம் இன்னொன்றுக்குப் பொருந்தாது. போர்க்களத்தில் ஒன்று உடைந்தால் மாற்றிப் போட வழியில்லை. எனவே மாற்றிப் பொருத்தக்கூடிய பாகங்களை அரசாங்கம் கேட்டது. அரத்தின் வேலையைச் சுழலும் வெட்டியிடம் கொடுக்கும் முயற்சி இதிலிருந்து வளர்ந்தது.

பல பாடப்புத்தகங்களில் "1818இல் எலி விட்னி மில்லிங் மெஷினைக் கண்டுபிடித்தார்" என்று ஒரு வரி இருக்கும். 1960இல் ரொபர்ட் வூட்பரி என்ற வரலாற்றாசிரியர் விட்னியைச் சுற்றியிருந்த கதைகளைக் கேள்விக்கு உட்படுத்தினார். விட்னியுடையது என்று காட்டப்பட்ட பழைய மெஷின்கூட அவர் 1825இல் இறந்த பின்னர் செய்யப்பட்டதாக இருக்கலாம் என்பது பின்னர் ஆராய்ந்தவர்களின் கருத்து. மிடில்டவுனில் சிமியோன் நோர்த், ஹார்ப்பர்ஸ் ஃபெரியில் ஜோன் ஹோல் எனப் பலரின் பட்டறைகளில் ஏறக்குறைய ஒரே காலத்தில் இந்த மெஷின் உருவாகிக்கொண்டிருந்தது. பெயர் மட்டும் ஒருவருக்குப் போய்ச் சேர்ந்தது.

பழைய மெஷின் வாங்கப் போனாலும் இதே கதைதான். நாம் பார்த்த முதலாவது மெஷின் கொழும்புப் பக்கம் ஒரு கடையில் நின்றது. பச்சைப் பெயின்ற் மினுங்கியது. முன்னால் பெயர்போன ஜப்பான் கம்பனி ஒன்றின் தகடு. "இந்தப் பேருக்கே காசு" என்றார் கடைக்காரர். பாஸ் சுற்றிப் பார்த்துவிட்டு, "உடம்பு அந்தக் கம்பனிதான், தல வேற ஒண்டு" என்றார். பெயரை வைத்து விலை தொடங்கலாம். ஆனால் அதோடு முடிக்கக் கூடாது.

*மூன்று தட்டுக்களின் பாடம்*

மில்லிங் மெஷின் எவ்வளவு நேராக வெட்டும் என்பது அதன் மேசை ஓடும் தடம் எவ்வளவு நேர் என்பதைப் பொறுத்தது. அந்தத் தடத்தை நேராக்கியது எப்படி? இங்கிலாந்தில் ஹென்றி மோட்ஸ்லேயின் பட்டறையில் பழகிய ஜோசப் விட்வர்த் 1840இல் கிளாஸ்கோவில் ஓர் அறிஞர் கூட்டத்தில் இதை விளக்கினார். இரண்டு இரும்புத் தட்டுக்களை ஒன்றோடொன்று பொருத்திப் பார்த்தால் மட்டும் போதாது. ஒன்று குழிந்தும் மற்றது புடைத்தும் இருந்தாலும் இரண்டும் அச்சொட்டாகப் பொருந்தும். மூன்றாவது தட்டு ஒன்றையும் சேர்த்து, மூன்றையும் மாறி மாறிப் பொருத்தி, சாயம் பட்ட மேடுகளைக் கையால் சுரண்டி எடுத்தால்தான் மூன்றும் உண்மையான தட்டையாகும்.

நல்ல பழைய மெஷின்களின் தடங்களில் அந்தச் சுரண்டல் அடையாளம் பூப்போல இன்றும் தெரியும். அது தெரிந்தால் தடம் அதிகம் தேயவில்லை என்று பெரும்பாலும் கொள்ளலாம். தேய்வு எப்போதும் நடுவில்தான் வரும், ஏனென்றால் சின்ன வேலைகளை எல்லோரும் மேசையின் நடுவில் வைத்துத்தான் செய்கிறார்கள். இதைக் கண்டுபிடிக்கச் சுலபமான வழியொன்றைப் பாஸ் காட்டினார். மேசையின் ஆட்டத்தை எடுக்கும் ஆப்புத்தகட்டை நடுப்பகுதிக்குச் சரியாக இறுக்கிவிட்டு, மேசையை இரண்டு கோடிக்கும் ஓட்ட வேண்டும். கோடிக்குப் போகப் போகக் கைப்பிடி இறுகினால் நடுத்தடம் தேய்ந்துவிட்டது. அந்தப் பச்சை மெஷின் இரண்டு பக்கமும் பாதி வழியிலேயே நின்றுவிட்டது. "எண்ணெய் காணாது" என்றார் கடைக்காரர். பாஸ் ஒன்றும் பேசவில்லை, சிரித்தார்.

அடுத்தது திருகாணியின் ஆட்டம். கைப்பிடியை ஒரு பக்கம் சுற்றி மேசை நகரும்போது நிறுத்தி, பின்னர் மறுபக்கம் சுற்ற வேண்டும். மேசை நகரத் தொடங்கும் முன்னர் எத்தனை கோடு வெறுமனே போகிறது என்று எண்ண வேண்டும். அங்குலக் கணக்கு மெஷினில் ஒரு கோடு பெரும்பாலும் அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கு. ஐந்தாறு கோடென்றால் நல்லது. நாற்பதைத் தாண்டினால் உள்ளே இருக்கும் பித்தளை நட் தேய்ந்துவிட்டது. ஆனால் நட்டை மாற்றலாம், அது சின்னச் செலவு. தடத்தைத் திரும்ப நேராக்குவது பெரிய செலவு. குறை எல்லாமே ஒரு விலையல்ல என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

*பள்ளம் வெட்டப் பிறந்த துணைக்கருவி*

1861இல் அமெரிக்காவில் உள்நாட்டு யுத்தம் தொடங்கியது. புரொவிடன்ஸ் நகரில் துப்பாக்கி செய்த கம்பனியொன்றுக்குத் துளையிடும் முறுக்குத் துரப்பணங்கள் நிறையத் தேவைப்பட்டன. அவற்றின் சுருள் பள்ளத்தை வட்ட அரத்தால் கையால்தான் தேய்த்தார்கள். அங்கே வேலை பார்த்த ஃப்ரெடெரிக் ஹோ இந்தப் பிரச்சினையை ஜோசப் பிரவுனிடம் கொண்டுபோனார். பிரவுன் 1862இல் செய்து கொடுத்ததுதான் யுனிவர்சல் மில்லிங் மெஷின். மேசை நகர நகர, அதோடு இணைந்த பிரிப்புத் தலை இரும்பையும் சுழற்றும். அதனால் சுருள் பள்ளம் தானாக விழும்.

அந்தப் பிரிப்புத் தலைதான் இன்றும் பற்சில்லு வெட்ட உதவுவது. பெரும்பாலானவற்றில் கைப்பிடியை 40 சுற்றுச் சுற்றினால் இரும்பு ஒரு சுற்று சுற்றும். 20 பல் வேண்டுமென்றால் ஒவ்வொரு பல்லுக்கும் 2 சுற்று. 28 பல் வேண்டுமென்றால்? 40ஐ 28ஆல் பிரித்தால் ஒன்றும் ஏழில் மூன்றும். 21 துளை உள்ள வட்டத்தில் ஒரு முழுச் சுற்றும் 9 துளையும். பின்னக் கணக்கு எதற்கு என்று கேட்கும் பிள்ளைகளுக்கு இதைக் காட்ட வேண்டும் என்று நினைத்துக்கொண்டோம். ஆனால் துளைத்தட்டுக்கள் இல்லாவிட்டால் இந்தக் கணக்கால் பயனில்லை. பச்சை மெஷினோடு பிரிப்புத் தலையே இருக்கவில்லை. அதைத் தனியாக விற்றிருக்க வேண்டும். மெஷின் கைமாறும்போது இதுதான் அடிக்கடி நடக்கிறது, ஏனென்றால் துணைக்கருவிகளுக்குத் தனி விலை உண்டு.

*எம்மிடம் வந்த வழி*

1938இல் சுவீடனிலிருந்து அமெரிக்காவுக்குக் குடியேறிய ருடோல்ஃப் பன்னோ, மக்னஸ் வால்ஸ்ட்ரோம் இருவரும் பிரிட்ஜ்போர்ட் நகரில் ஒரு மில்லிங் மெஷினை வெளியிட்டார்கள். தலையை எந்தப் பக்கமும் திருப்பலாம்; சின்னப் பட்டறைக்கும் பொருந்தும். 3 இலட்சத்து 70 ஆயிரத்துக்கும் அதிகமாகச் செய்யப்பட்டன. பல நாடுகளில் அதைப் பார்த்துச் செய்தார்கள். அதனால் அந்த வகைக்கு உதிரிப்பாகம் இன்றும் கிடைக்கிறது. பாகம் கிடைக்கும் மெஷினுக்கும் கிடைக்காத மெஷினுக்கும் விலை ஒன்றாக இருக்க முடியாது.

1952இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. நிறுவனத்தில் துளையிட்ட நாடாவின் கட்டளைப்படி தானாக இயங்கும் மில்லிங் மெஷினைக் காட்டினார்கள். அதன் வழிவந்த கணினி மெஷின்கள் பரவப் பரவ, வளர்ந்த நாடுகளின் தொழிற்சாலைகளிலிருந்து கைமெஷின்கள் வெளியே வந்தன. பழைய மெஷின் வியாபாரிகள் வழியாக அவை எம்மைப் போன்ற நாடுகளுக்கும் வந்து சேர்கின்றன.

வரும்போது மின்சாரத்தையும் பார்க்க வேண்டும். ஜப்பானில் தொழிற்சாலை மும்முனை மின்சாரம் 200 வோல்ட். எமது நாட்டில் 400 வோல்ட். மாற்றி ஒன்று வைக்க வேண்டும், அல்லது மோட்டருக்குத் திரும்பக் கம்பி சுற்ற வேண்டும். அமெரிக்க மோட்டர் 60 ஹேர்ட்ஸுக்குச் செய்தது. எமது 50இல் ஆறில் ஐந்து பங்கு வேகத்தில்தான் ஓடும். பச்சை மெஷினின் மோட்டரில் 200 வோல்ட் என்றே எழுதியிருந்தது.

ரூபாயின் கதையும் இதற்குள் இருக்கிறது. 1970களின் இறக்குமதிக் கட்டுப்பாட்டுக் காலத்தில் புதியது வராததால் இருந்த மெஷின்களை உயிரைப் போலப் பாதுகாத்தார்கள். 1977இல் சந்தை திறந்தது. 2022 மார்ச்சில் ஒரு டொலர் சுமார் 200 ரூபாயாக இருந்தது. இரண்டு மாதத்துக்குள் 360ஐத் தொட்டது. பட்டறையில் நின்ற மெஷினில் ஒரு மாற்றமும் இல்லை, ஆனால் அதன் ரூபாய் விலை ஏறியது. அது நியாயம்தான், ஏனென்றால் அதற்குப் பதில் இன்னொன்றைக் கொண்டுவர அவ்வளவு தேவை. பின்னர் டொலர் 300 அளவுக்கு இறங்கியது. விலையும் இறங்க வேண்டும். "2022இல் நான் கொடுத்த காசு" என்பது கடைக்காரரின் நட்டம், மெஷினின் பெறுமதியல்ல.

*வாஸிலா (ரழி) அவர்களின் கேள்வி*

மார்க்கம் இதற்கு என்ன சொல்கிறது? மதீனாவில் பொருட்களின் விலை ஏறியபோது விலையை நிர்ணயித்துத் தருமாறு நபி (ஸல்) அவர்களிடம் கேட்டார்கள். யாருக்கும் அநீதி செய்தவனாக அல்லாஹ்வைச் சந்திக்க விரும்பவில்லை என்ற கருத்தில் அன்னார் மறுத்தார்கள். ஆனால் தானியக் குவியலுக்குள் கையை விட்டு உள்ளே ஈரத்தைக் கண்டபோது, அதை ஏன் மேலே தெரிய வைக்கவில்லை என்று கேட்டு, ஏமாற்றுபவர் எம்மைச் சேர்ந்தவரல்லர் என்று கண்டித்தார்கள். விலை பேசுவதில் சுதந்திரம் இருக்கிறது, குறையை மறைப்பதில் இல்லை. மறைத்த குறை பின்னர் தெரிந்தால் பொருளைத் திருப்பும் உரிமையை ஃபிக்ஹ் வாங்கியவருக்குக் கொடுக்கிறது.

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) இஹ்யாவில் ஒரு சம்பவத்தைச் சொல்கிறார். ஒருவர் தன் ஒட்டகத்தை 300 திர்ஹத்துக்கு விற்றார். அருகில் நின்ற ஸஹாபி வாஸிலா இப்னு அஸ்கஃ (ரழி) கவனிக்கும் முன்னர் வாங்கியவர் போய்விட்டார். வாஸிலா பின்னாலேயே ஓடிப்போய், இதை இறைச்சிக்கு வாங்கினீரா, சவாரிக்கா என்று கேட்டார். சவாரிக்கு என்றார் அவர். அப்படியானால் இதன் குளம்பில் துவாரம் இருக்கிறது, நீண்ட பயணம் தாங்காது என்றார்கள். ஒட்டகம் திரும்பி வந்தது. விற்றவர் 100 திர்ஹம் குறைத்தார். என் வியாபாரத்தைக் கெடுத்துவிட்டீரே என்று விற்றவர் குறைப்பட்டபோது, ஒவ்வொரு முஸ்லிமுக்கும் நலம் நாடுவதாக நபியிடம் வாக்குக் கொடுத்திருக்கிறோம் என்றார்கள்.

பழைய மெஷினுக்கும் முதல் கேள்வி இதுதான். இறைச்சிக்கென்றால் பழைய இரும்பின் கிலோ விலை. அதற்குக் கீழே எந்த மெஷினும் போகாது. காடி மட்டும் வெட்டும் முரட்டு வேலைக்கென்றால் ஒரு விலை. பற்சில்லு வெட்டும் நுட்ப வேலைக்கென்றால் இன்னொரு விலை. தம்பிக்கு வேண்டியது கடைசி வகை.

எமது கல்லூரி நண்பர் கணக்கை இப்படிப் போட்டார். அதே வகை மெஷின் நல்ல நிலையில், முழுத் துணைக்கருவிகளோடு என்ன விலை என்று மூன்று இடங்களில் விசாரித்தார். அதை 100 என்று வைத்தார். தடம் நேராக்க 25, நட்டுக்கு 5, மோட்டருக்கு 8, பிரிப்புத் தலைக்கு 20 கழித்தார். மிச்சம் 42. லொறிக் கூலியை அவர் கழிக்கவில்லை. எந்த மெஷின் வாங்கினாலும் அந்தச் செலவு வரும், அதை விற்பவர் தலையில் போடுவது நியாயமில்லை என்றார். பழைய இரும்பாகப் பார்த்தால் அதே கணக்கில் 15. கடைக்காரர் கேட்டது 90. நாம் 45 வரை சொல்லிப் பார்த்தோம். அவர் இறங்கவில்லை. ஸலாம் சொல்லிவிட்டு வந்தோம்.

*இரண்டாவது மெஷின்*

வரும் வழியில் எமது மாவட்டத்திலேயே ஒரு மெஷின் இருப்பதாகப் பாஸுக்கு அழைப்பு வந்தது. மர்ஹூமான ஒரு லேத் பாஸின் பட்டறை. மனைவி இத்தா முடித்திருந்தார். பிள்ளைகள் யாரும் இந்தத் தொழிலில் இல்லை. தறப்பாளை விலக்கினால் கறுத்த கிறீஸும் தூசியும். பழைய இங்கிலாந்து மெஷின், அங்குலக் கணக்கு. பாஸ் துணியால் தடத்தைத் துடைத்தார். இரண்டு கோடியிலும் சுரண்டல் பூக்கள் அப்படியே இருந்தன, நடுவிலும் மங்கலாகத் தெரிந்தன. திருகாணியின் ஆட்டம் பன்னிரண்டு கோடு. மூலையில் மரப்பெட்டிக்குள் எண்ணெய்த் துணியில் சுற்றிய பிரிப்புத் தலையும் மூன்று துளைத்தட்டுக்களும்.

அந்தச் சகோதரியிடம் பழைய இரும்பு எடுப்பவர் வந்து கிலோ விலை சொல்லிவிட்டுப் போயிருந்தார். அதைவிடக் கொஞ்சம் கூடத் தந்தால் போதும் என்றார். எமது கணக்கில் அது 20. நியாயமாகப் போட்டால் பழமைக்கும், அங்குலக் கணக்குக்கும், நட்டுக்கும் கழித்து 65 வரும்.

தம்பி எம்மை வெளியே கூட்டிவந்து, "அவங்களே சொன்ன வெலதானே சேர், நாம ஏமாத்தல்லயே" என்றார். அவர் சொன்னதில் பிழையில்லை. மனம் பொருந்தி நடந்த அந்த வியாபாரத்தைச் செல்லாது என்று யாரும் சொல்லப்போவதில்லை. கையில் இருப்பது ஏழு வருட உழைப்பு, குடும்பம் இருக்கிறது, பட்டறைக் கட்டடம் இன்னும் கட்டவில்லை. எமக்கும் பதில் உடனே வரவில்லை. பாஸ்தான் சொன்னார்: "அவவுக்குத் தெரியாது, நமக்குத் தெரியும். தெரிஞ்சும் சொல்லாம எடுத்தா, அந்த இரும்புக்காரனுக்கும் நமக்கும் என்ன வித்தியாசம்?"

அப்போதுதான் இன்னொரு ஸஹாபியான ஜரீர் இப்னு அப்துல்லாஹ் (ரழி) அவர்களின் சம்பவம் எமக்கு நினைவு வந்தது. அன்னாருக்காக ஒரு குதிரை 300 திர்ஹத்துக்குப் பேசப்பட்டது. ஜரீர் (ரழி) குதிரையைப் பார்த்துவிட்டு, உமது குதிரை இதைவிடப் பெறுமதியானது, 400க்குத் தருவீரா என்று விற்பவரிடம் கேட்டார்கள். பின்னரும் கூட்டிக் கூட்டி 800க்கு வாங்கினார்கள். காரணம் கேட்டபோது அன்னாரும் அந்த வாக்கையே சொன்னார்கள். வாஸிலா (ரழி) குறையை வாங்குபவரிடம் சொன்னார்கள், ஜரீர் (ரழி) பெறுமதியை விற்பவரிடம் சொன்னார்கள்.

தம்பி கொஞ்ச நேரம் மதிலோடு சாய்ந்து நின்றார். பின்னர் வீட்டுக்கு அழைப்பெடுத்து மனைவியோடு பேசினார். திரும்பி வந்து, "முழுக்க இப்ப ஏலாது, தவண தந்தா எடுப்பன்" என்றார். உள்ளே போய் நாம் விலையைச் சொன்னபோது அந்தச் சகோதரி முதலில் பகிடி பண்ணுகிறோம் என்று நினைத்தார். அவரது சகோதரரை வரவழைத்துக் கணக்கைக் காட்டினோம். 40ஐக் கையில் கொடுத்து, மிச்சம் 25ஐ ஆறு மாதத் தவணையில் கொடுப்பதாக எழுதி, இரண்டு சாட்சி வைத்தோம். கடன் கொடுக்கல் வாங்கலை எழுதிக்கொள்ளும்படி சூரா அல்பகராவின் 282ஆம் வசனம் எமக்குக் கட்டளையிட்டிருக்கிறது. அந்த மரப்பெட்டியைத் தூக்கும்போது, "அவர் இத ஒருத்தரையும் தொட உடமாட்டார்" என்று மட்டும் அவர் சொன்னார்.

மெஷின் இப்போது எமதூரில் ஓடுகிறது, அல்ஹம்துலில்லாஹ். கடைசித் தவணை இன்னும் இரண்டு இருக்கிறது.

*வாங்கப் போகிறவர்கள் கவனிக்க*

1. எந்த வேலைக்கு என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்.
2. பெயின்றையும் தகட்டையும் விட்டுவிட்டுத் தடத்தைப் பாருங்கள். மேசையைக் கோடி வரை ஓட்டுங்கள்.
3. கைப்பிடியின் ஆட்டத்தை எண்ணுங்கள். அரை மணித்தியாலம் ஓடவிட்டுச் சுழலும் தலையின் சூட்டையும் சத்தத்தையும் கவனியுங்கள்.
4. பிரிப்புத் தலை, வைஸ், வெட்டி பிடிக்கும் கொலட்டுகள் இருக்கின்றனவா என்று பட்டியல் போடுங்கள்.
5. மோட்டரின் வோல்ட், ஹேர்ட்ஸ், முனை எழுதிய தகட்டை வாசியுங்கள்.
6. மூன்று இடத்தில் விலை கேட்டு, குறைகளைச் செலவாக மாற்றிக் கழியுங்கள். ஊகத்தில் கழிக்காதீர்கள்.

வீட்டில் மர்ஹூம்கள் விட்டுப்போன மெஷின், ஆயுதம் ஏதும் இருந்தால் தொழில் தெரிந்த ஒருவரிடம் காட்டாமல் இரும்புக்காரருக்குக் கொடுத்துவிடாதீர்கள். அது வாரிசுகளின் சொத்து, அதில் அநாதைகளின் பங்கும் இருக்கலாம். பார்க்க ஆளில்லை என்றால் சொல்லுங்கள், பாஸும் நண்பரும் நாமும் வருகிறோம். கூலி வேண்டாம், ஒரு பிளேன்ரீ போதும்.

எமது கொடுக்கல் வாங்கலில் அல்லாஹ் பறக்கத் செய்வானாக. அந்த மர்ஹூம் பாஸின் கப்றை அவன் விசாலமாக்கி வைப்பானாக. ஆமீன்.